பிடியரிசியும் தீர்மான நோட்டும்

மாதர் சங்கம் என்று சொன்னாலே நம் தோழர்களில் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. "பாட்டுப் பாடுவார்கள், ஜெபம் பண்ணுவார்கள், டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். அதில் என்ன அரசியல் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். பயிற்சி முகாம்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம்: நம் சேரிப் பெண்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதும், வரவு செலவு எழுதியதும், தீர்மானம் போட்டதும் பல ஊர்களில் முதன்முதலாக இந்த மாதர் சங்கத்தில்தான். கட்சிகள் நம் பெண்களை மேடைக்குக் கூப்பிடுவதற்கு முன்பே, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

நாங்கள் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்கள். எங்கள் அம்மாக்களும் பெரியம்மாக்களும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வந்தவர்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் கை கால் கழுவி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் பைபிளுமாக ஆலயத்துக்குப் போவார்கள். அங்கே மூன்று நோட்டுகள் இருக்கும். ஒன்று வருகைப் பதிவு, ஒன்று வரவு செலவு, ஒன்று தீர்மானம். எழுதப் படிக்கத் தெரிந்த அக்கா ஒருத்தி தீர்மானத்தைச் சத்தமாகப் படிப்பாள். "ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்பாள். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள், பண்ணையார் வீட்டு வாசலில் நின்று கூலி கேட்டவர்கள், இங்கே கை தூக்கி வாக்களித்தார்கள். எங்கள் பொருளாளர் அத்தைக்குக் கைநாட்டுத்தான் தெரியும். கணக்கு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டுமே என்பதற்காகவே நாற்பது வயதுக்கு மேல் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்.

சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பிடியரிசியிலிருந்து. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அரிசி இல்லாத நாளில் கேழ்வரகு. வாரக் கடைசியில் அதைக் கொண்டுவந்து கொட்டி, அளந்து, விற்று, நோட்டில் வரவு வைப்பார்கள். அரை வயிற்றுக்குச் சாப்பிட்டவர்கள் தங்கள் பங்கிலிருந்து எடுத்து வைத்த பணம் அது. இதைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டு மிஷன் பணத்தை எதிர்பார்க்காமல் சொந்தக் கையிருப்பில் நின்ற ஓர் அமைப்பு அது. இன்று நாம் இயக்கங்களுக்கு நிதி தேடி அலைகிறோமே, அந்தப் பாடத்தை அவர்கள் அன்றே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

பெண்கள் சேர்த்த சில்லறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் குண்டூரைப் பார்க்கலாம். அமெரிக்க லுத்தரன் பெண்கள் 1879-ல் தங்களுக்கென்று ஒரு மிஷனரிச் சங்கம் அமைத்தார்கள். ஆண்கள் நடத்திய மிஷன் வாரியத்தின் கையை எதிர்பார்க்காமல் தாங்களே காசு சேர்த்தார்கள். அந்தக் காசில்தான் 1883-ல் அன்னா சாரா குக்லர் என்ற பெண் மருத்துவர் குண்டூருக்கு வந்தார். வாரியம் முதலில் அவரை மருத்துவராக அனுப்பவில்லை; பெண்களுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குத்தான் அனுப்பியது. அவர் வைத்தியத்தையும் விடாமல் பார்த்தார். 1885-ல் வாரியம் அவரை மருத்துவ மிஷனரியாக ஏற்றுக்கொண்டது. 1898-ல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. பிற்பாடு அது அவர் பெயரிலேயே வழங்கியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது பணம் யார் கையில் இருந்தது என்பதை. பெண்களின் பணம் பெண்களின் முடிவுப்படி செலவானதால்தான் அந்த மருத்துவமனை வந்தது.

இன்று லுத்தரன் பெண்கள் அமைப்புகள் எங்கே கூடினாலும் பேனரில் மூன்று சொற்கள் வந்துவிடுகின்றன: விசுவாசம், தலைமைத்துவம், நலவாழ்வு. நல்ல சொற்கள்தான். ஆனால் தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு சபையில் இந்த மூன்றுக்கும் என்ன பொருள் என்று கேட்காமல் விட்டால், பேனரோடு சேர்த்து அவற்றையும் சுருட்டி வைத்துவிடுவார்கள்.

முதலில் விசுவாசம். விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்களே, கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் தனிப் பிறவி எதுவும் தேவையில்லை என்று மார்ட்டின் லுத்தர் 1520-ல் எழுதினார். பிறப்பினால் ஒருவன் புரோகிதன், ஒருவன் தீண்டத்தகாதவன் என்று சொல்லும் மண்ணில் இதைவிடப் பெரிய வெடி எது? அந்தக் கொள்கையோடு சீகன்பால்குவும் புளூட்சாவும் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். மறு ஆண்டு அவர்களிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பிய எஜமானர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தொடங்கினார்கள். தொடக்கம் அப்படித்தான் இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? ஆலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து உட்கார வைத்தார்கள். தஞ்சாவூர் அரசரின் படையில் வீரராக இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர், லுத்தரன் சபையின் உபதேசியாராகப் பல்லாண்டுகள் உழைத்தார். ஊர் ஊராகச் சபைகளை வளர்த்தார். 1733-ல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கனுக்கு மட்டும் கடைசிவரை கொடுக்கவே இல்லை. அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். நூறு ஆண்டு கழித்து, 1833-ல், ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். கோபித்துக்கொண்டு வெளியேறிய சாதிக் கிறிஸ்தவர்கள் பலருக்குப் பின்னாளில் அடைக்கலம் கொடுத்தது லைப்சிக் லுத்தரன் மிஷன்தான். அந்த மிஷனுக்குள் இருந்துகொண்டே சாதியை எதிர்த்த கார்ல் ஓக்ஸ் அதிலிருந்து விலகி, மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக மிஷன் தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்துகொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்ததுதான்.

இந்த வரலாற்றை எங்கள் மாதர் சங்கத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ராஜநாயக்கனுக்கு மறுத்த குருப்பட்டம் யாருடைய பாட்டன் பூட்டனுக்கு மறுத்தது என்று எங்கள் அம்மாக்களுக்குத் தெரிந்திருந்தால், "எல்லாரும் ஆசாரியர்களே" என்ற வசனத்தை வேறு குரலில் படித்திருப்பார்கள். விசுவாசம் என்பது பொறுத்துப்போவது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. சாதி சொன்னதை நம்ப மறுத்தவர்களே நம் முதல் விசுவாசிகள்.

அடுத்தது தலைமைத்துவம். எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்று கூப்பிடுகிறோம். அவருடைய மனைவி ஐயரம்மா. பல ஊர்களில் ஐயரம்மாதான் மாதர் சங்கத் தலைவி. தேர்தல் கிடையாது. ஐயருக்கு மாறுதல் வந்தால் தலைவியும் மாறிவிடுவார். இருபது வருடம் சங்கத்தைத் தூக்கிச் சுமந்த கூலிக்காரப் பெண் துணைத் தலைவியாகவே இருந்து கண்ணை மூடுவார். ஐயரம்மாக்களில் அருமையானவர்கள் உண்டு. எங்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவர்களும் உண்டு. நாங்கள் குறை சொல்வது ஆட்களை அல்ல, புருஷன் பதவியை வைத்து மனைவிக்குப் பதவி கொடுக்கும் ஏற்பாட்டை. உலக மாதர் ஜெப நாள் மார்ச் முதல் வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று பெண்கள் பிரசங்க பீடத்தில் ஏறுகிறார்கள். மற்ற ஞாயிறுகளில் அதே பீடத்தைத் துடைக்கிறார்கள்.

ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் விருந்திலும் பெண்கள் உழைத்து நல்ல தொகை சேர்ந்திருந்தது. ஆலய வளாகத்தில் கழிப்பறை கிடையாது. ஆராதனைக்கு வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். மாதவிடாய் நாட்களில் வரவே மாட்டார்கள். சபைக் குழுவோ ரோட்டோரம் ஆர்ச் கட்ட முடிவு செய்தது. ஊர்க் கோயிலுக்கு ஆர்ச் இருக்கிறதே, நமக்கும் வேண்டாமா என்றார்கள் பெரியவர்கள். அந்த ஆசையையும் நாங்கள் புரிந்துகொள்கிறோம். ஆனால் பெண்கள் தீர்மான நோட்டைத் திறந்தார்கள். "முதலில் கழிப்பறை. அதுவரை சங்கத்துப் பணம் பொதுக் கணக்குக்குப் போகாது" என்று எழுதி, முப்பத்தொரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். குழுவில் கூச்சல் கிளம்பியது. "பொம்பளைங்க சபையை உடைக்கிறாங்க" என்றார் ஒருவர். எங்கள் பொருளாளர் அத்தை எழுந்து, "தம்பி, ஆர்ச்சுக்குள்ள பூந்து வர்ற பொம்பளைங்க ஒண்ணுக்கு எங்க போவாங்க?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதத்தில் கழிப்பறை வந்தது. ஆர்ச் இன்னும் வரவில்லை.

தலைமை என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம். உலக லுத்தரன் சம்மேளனம் 1984-ல் புடாபெஸ்ட் பேரவையில் ஒரு முடிவு எடுத்தது. முடிவெடுக்கும் அவைகளில் குறைந்தது 40 விழுக்காடு பெண்கள், 20 விழுக்காடு இளைஞர்கள் இருக்க வேண்டும் என்றது. நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. உங்கள் சபைக் குழுவில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் யாருக்கோ மனைவி என்பதால் வந்தவர்கள் என்றும், நிலமோ அரசு வேலையோ இல்லாத வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். பெண்களுக்கான இடத்தை வசதியான வீட்டுப் பெண்களே நிரப்பிவிட்டால், சேரிப் பெண் மறுபடியும் வாசலில்தான் நிற்பாள்.

ஆலயத்தை விட்டு வெளியே வந்தால் இன்னொரு கதவு சாத்தியிருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. அதில் பட்டியல் சாதிப் பெண்களுக்குத் தனி இடங்கள் உண்டு. சங்கத்தில் இருபது வருடம் கணக்கெழுதித் தீர்மானம் போட்டுப் பழகிய நம் அக்காவைவிட அந்த இடத்துக்குப் பொருத்தமானவர் யார்? ஆனால் அவர் நிற்க முடியாது. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொல்லி 2007-லேயே அறிக்கை கொடுத்தும் நீக்கவில்லை. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடிப்பவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சேரியில் குடியிருப்பவளை, தனிச் சுடுகாட்டில் புதைக்கப்படுபவளை, டீக்கடையில் சாதி கேட்கப்படுபவளை, சான்றிதழ் மட்டும் வேறு ஆளாக்கிவிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவளுக்கு எட்டுவதில்லை. ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று நம் பெண்கள் இரண்டு பெயர்களோடு வாழ்கிறார்களே, அது ஏமாற்று அல்ல. சாதியை விட்டு வெளியே வந்தும் சாதி விடாத ஒரு சமூகத்தில், பிள்ளையைப் படிக்க வைக்க ஒரு தாய் கண்டுபிடித்த வழி. மாதர் சங்கங்களின் மாநாட்டுத் தீர்மானங்களில் 1950 ஆணைக்கு எதிரான கோரிக்கை முதல் வரியாக இருக்க வேண்டும் என்கிறோம். இதைக் குருமார்களின் கோரிக்கையாகவும் ஆண்களின் ஊர்வலமாகவும் மட்டும் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது நலவாழ்வு. யோகா வகுப்பு, மன அமைதிப் பேச்சு, மருத்துவ முகாம் ஆகியவற்றை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்னும் பெண்ணிடம் மன அமைதி பற்றி மட்டும் பேசினால் போதுமா? பிடியரிசி எடுத்து வைக்கத் தெரிந்த சங்கம், அந்தப் பிடி யாருடைய தட்டிலிருந்து குறைகிறது என்றும் கேட்க வேண்டும்.

வீட்டு அடியைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் சங்கத்தில் ஒரு சித்தி கை வீங்கி வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல, "பொறுத்துக்கோம்மா, ஜெபத்துல வச்சுக்குவோம்" என்றார்கள். பொருளாளர் அத்தைதான் மறுத்தார். "ஜெபம் பண்ணிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில காட்டி ஏ.ஆர். காப்பி போடச் சொல்லுவோம். அப்பத்தான் நாளைக்குப் பேசறதுக்குக் காகிதம் இருக்கும்." ஆட்டோவுக்குச் சங்கப் பணம் கொடுத்தார்கள். நோட்டில் "உறுப்பினர் நலனுக்காக" என்று செலவு எழுதினார்கள். நாலு பெண்கள் கூடவே போனார்கள். எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் அதே நாலு பேர் அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். சத்தம் போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆள் கை நீட்டியதாக நாங்கள் கேள்விப்படவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. சில வீடுகளில் சாவில்தான் முடிந்திருக்கிறது. அதனால்தான் காகிதம் முக்கியம், சட்டம் முக்கியம், 181 என்ற எண் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருப்பது முக்கியம். பெண்கள் மீதான வன்முறைக்குச் சபைகள் இல்லை என்று சொல்ல வேண்டும் என 2002-லேயே உலக லுத்தரன் சம்மேளனம் ஓர் ஆவணம் வெளியிட்டது. அத்தை அதைப் படித்தவர் இல்லை. ஆனாலும் அதைத்தான் செய்தார்.

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாகச் சொன்னார். கிறிஸ்தவத்துக்குள் போன நம் மக்கள் மீது அவருக்குக் கடுமையான விமர்சனமும் இருந்தது. சபை அவர்களுடைய துயரத்துக்காக அரசியல் களத்தில் குரல் கொடுக்கவில்லை என்றார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

தோழர்களே, மாணவர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு சாயங்காலம் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பாடம் எடுக்கப் போகாதீர்கள். பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கரையான் அரிப்பதற்குள் போட்டோ எடுத்து வையுங்கள். யார் தலைவி, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பணம் யார் கணக்கில் இருக்கிறது என்று விசாரியுங்கள். ராஜநாயக்கன் கதையைச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ், ஏ.ஆர். காப்பி, புகார் மனு என்று ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு விளக்குங்கள். அடுத்த சபைத் தேர்தலில் அந்தத் துணைத் தலைவி அக்காவை நிற்கச் சொல்லுங்கள். அவர் தயங்குவார். "எனக்கு என்னப்பா தெரியும்" என்பார். அவர் கையெழுத்திட்ட இருபது வருடத்துத் தீர்மான நோட்டை எடுத்து அவர் மடியிலேயே வையுங்கள்.